கண்ணுக்குள் கேஸ் இருக்கும்போது மலை ஏறாதீர்கள்: விழித்திரை ஆபரேஷனுக்குப் பிறகான முழுமையான வழிகாட்டி

பெரியப்பாவுக்கு விழித்திரை பிரிந்து, அதை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் கேஸ் நிரப்பி ஆபரேஷன் ஆனபோது, வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் 'விமானப் பயணம் கூடாது' என்று ஒரு வரி இருந்தது. "நான் என்னைக்குடா பிளேன்ல போனேன்" என்று அதைப் பைக்குள் வைத்துவிட்டார். அவர் வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். காப்பிப் பழம் பறிப்பு தொடங்கியிருந்த நேரம். ஆறாம் நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் ஏற்காடு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பாதி வளைவுகள் தாண்டியதும் கண் வலிக்க ஆரம்பித்திருக்கிறது, பிறகு வாந்தி. மலைப் பஸ்ஸில் வாந்தி வருவது புதிதா என்ன? பக்கத்தில் இருந்தவர்கள் எலுமிச்சம்பழத்தை நீட்டியிருக்கிறார்கள். மேலே போய் இறங்கும்போது அந்தக் கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். "உடனே கீழே கூட்டி வாங்க" என்றார்கள். கண் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மருந்து கொடுத்து இறக்கினார்கள். அந்தக் கண்ணில் இன்று ஓரளவு பார்வைதான் மிஞ்சியிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து எனக்கே இடது கண்ணில் அதே ஆபரேஷன் நடந்தது. மலைக்குக் கீழே, சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையில், மலையிலிருந்து இதே ஆபரேஷனுக்கு வந்த சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களுமாக இதுவரை ஏழு பேர் தங்கிப் போயிருக்கிறார்கள். யார் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதில் உள்ளதும் உங்கள் டாக்டர் சொல்வதும் மாறினால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. சேர்வதற்கு முன்பே கேளுங்கள்: "கண்ணுக்குள்ள என்ன வைக்கப் போறீங்க?"

பின்னால் வரும் அத்தனை கட்டுப்பாடும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது. எப்படிப் படுப்பது, எப்போது வேலைக்குப் போவது, எப்போது மலை ஏறுவது எல்லாமே இதில் அடங்கும்.

விழித்திரையில் ஓட்டை மட்டும் விழுந்து, திரை இன்னும் பிரியவில்லை என்றால் பெரும்பாலும் லேசரோடு முடிந்துவிடும். உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். திரை பிரிந்துவிட்டால் மூன்று வழி உண்டு. கண்ணுக்குள் கேஸ் நிரப்புவது, சிலிக்கான் ஆயில் நிரப்புவது, கண்ணுக்கு வெளியே சிலிக்கான் பட்டை கட்டுவது. பட்டையை நம் ஊரில் 'பெல்ட்' என்பார்கள். சிலருக்கு ஓ.பி.யிலேயே ஊசி வழியாகக் கேஸ் ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கே போகவில்லை என்பதால் இவர்கள்தான் அதிகம் அலட்சியமாக இருக்கிறார்கள். கேஸ் எப்படி உள்ளே போயிருந்தாலும் அது கேஸ்தான்.

கேஸ் என்றால் எந்தக் கேஸ் என்றும் கேளுங்கள். வெறும் காற்று ஒரு வாரத்துக்குள் கரையும். எஸ்எஃப்6 என்பது இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம் வரை இருக்கும். சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும். ஊரை விட்டு எத்தனை நாள் கீழே இருக்க வேண்டும் என்பதை இந்தப் பெயர்தான் முடிவு செய்யும்.

பெல்ட் போட்டவர்களில் சிலருக்கு அதோடு கேஸும் வைப்பார்கள். "எனக்கு பெல்ட் மட்டும்தான்" என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள்.

இதே பேச்சில் உங்கள் வீடு எங்கே என்பதையும் சொல்லிவிடுங்கள். "ஏற்காட்டுல இருக்கேன், கீழ தங்க இடம் இல்லை" என்று முன்னாலேயே தெரிந்தால், எதை வைப்பது என்று முடிவு செய்யும்போது டாக்டர் அதையும் சேர்த்து யோசிப்பார். ஓட்டை இருக்கும் இடம் ஒத்துவந்தால் சீக்கிரம் கரையும் கேஸையோ ஆயிலையோ தேர்ந்தெடுக்க வழி இருக்கலாம். ஆபரேஷன் முடிந்த பிறகு சொன்னால் மாற்ற முடியாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேர்வதற்கு முன்பே காப்பீட்டுக் கவுன்ட்டரில் காட்டுங்கள். அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டியது. ஆபரேஷன் ஆன பிறகு அட்டையை எடுத்து நீட்டினால் பலன் இல்லை.

2. மலையில் வீடு என்றால், கீழே ஓர் அறை

இதற்குத்தான் இந்த வழிகாட்டியை எழுதவே உட்கார்ந்தேன்.

ஏற்காட்டுக் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். சேலத்தில் தளர்வாக இருந்த பாக்கெட் மேலே போனதும் பந்து மாதிரி உப்பியிருக்கும். வளைவு ஏற ஏற நமக்குக் காது அடைப்பதும் அதே காரணத்தால்தான். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். இடையில் காற்றழுத்தம் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைகிறது. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே அடைபட்ட கேஸ் விரியப் பார்க்கும்.

கண்ணுக்குள் கேஸ் நிற்கும் அறையின் கொள்ளளவு 4 மில்லிதான். அதில் 3 மில்லி கேஸ் இருந்தால், ஏற்காடு உயரத்தில் அது இன்னும் ஏறக்குறைய அரை மில்லி இடம் கேட்கும். அரை மில்லி என்றால் பத்துச் சொட்டு. பாக்கெட் உப்பும், கண் உப்பாது. இடம் கிடைக்காத கேஸ் அழுத்தமாக மாறி, விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை நசுக்கும். ரத்தம் நின்றால் விழித்திரை தாங்குவது மணிக்கணக்கில்தான்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடங்களைச் சொல்கிறேன்.

'விமானம்' என்று தாளில் இருப்பதை மலை என்றும் சேர்த்துப் படியுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் போனாலும் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனாலும் உயரம் ஒன்றுதான். கார் வைத்து மெதுவாகப் போகலாமா என்று கேட்பார்கள். கேஸ் கண்ணை விட்டு வெளியேறும் வேகம் நாள் கணக்கு, வார கணக்கு. ஒரு மணி நேரப் பயணத்தை இரண்டு மணி நேரமாக்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பெங்களூரும் 900 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். மகன் அங்கே இருக்கிறான், போய் ஓய்வெடுக்கலாம் என்று கிளம்புபவர்கள் உண்டு. தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சாலை ஏறிக்கொண்டே போகிறது, காரில் உட்கார்ந்தால் தெரிவதில்லை. பெங்களூரிலேயே ஆபரேஷன் செய்துகொண்டு சேலம் வந்தவர்கள், ரிவியூவுக்குத் திரும்பப் போவது ஏற்றம் என்பதை அங்குள்ள டாக்டரிடம் சொல்லி, எப்போது வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையிலோ மதுரையிலோ செய்துகொண்டு சேலம் திரும்புபவர்களும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

அறை எங்கே பார்ப்பது? அடிவாரம் வரை சமவெளிதான், ஏற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கொண்டப்பநாயக்கன்பட்டி, கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி பக்கம் பார்த்தால் மேலே இருந்து ஆட்கள் வந்துபோக வசதி. மாடி வேண்டாம், கீழ் வீடு பாருங்கள். கழிவறை அறையோடு சேர்ந்தோ இரண்டு எட்டு வைக்கும் தூரத்திலோ இருக்கட்டும். சி3எஃப்8 என்றால் இரண்டு மாதத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். "பத்து நாள் இருந்துட்டுப் பார்க்கலாம்" என்று வந்தவர்களுக்குப் பதினோராம் நாள் ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் மனசு போய்விடுகிறது. மேலே வேலைகளை யார் பார்ப்பது என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே ஒப்படைத்துவிட்டு வாருங்கள். பெரியப்பா கிளம்பிப் போனது பிடிவாதத்தால் அல்ல, பழம் பறிக்க ஆள் இல்லாததால்.

ஆயில் வைத்தவர்களுக்கு இந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. எண்ணெய் அப்படி விரியாது. அவர்கள் டாக்டர் பயணம் போகலாம் என்றதும் போகலாம்.

3. சட்டைப் பையில் ஒரு சீட்டு

கேஸ் வைத்தால் கையில் ஒரு பட்டை கட்டி அனுப்புவது நல்ல வழக்கம். பல இடங்களில் கட்டுகிறார்கள். கட்டவில்லை என்றால் நீங்களே ஒரு சீட்டில் எழுதுங்கள்: "கண்ணுக்குள் கேஸ் உள்ளது. ஆபரேஷன் தேதி இது. மலை, விமானம் கூடாது. மயக்க மருந்தில் நைட்ரஸ் ஆக்சைடு கூடாது."

நைட்ரஸ் ஆக்சைடு என்பது பல், எலும்பு ஆபரேஷன்களிலும் பிரசவத்திலும் பயன்படும் மயக்க வாயு. அது ரத்தம் வழியாகக் கண்ணில் உள்ள குமிழுக்குள் புகுந்து அதைச் சட்டென்று பெரிதாக்கிவிடும். மலை ஏறினால் வரும் அதே ஆபத்து, படுத்த இடத்திலேயே வரும். விபத்து நடந்து நினைவில்லாமல் 108 வண்டியில் போனால் இதைச் சொல்ல ஆள் இருக்காது. சீட்டு சொல்லும்.

4. முதல் இரவும் மறுநாள் காலையும்

கட்டுப் பிரித்ததும் வீட்டார் பயப்படுவார்கள். கண் ரத்தச் சிவப்பாக, இமை வீங்கி, ரோஸ் நிறத்தில் நீர் வடியும். மணல் விழுந்தது போல உறுத்தும். இதெல்லாம் வருவதுதான், ஒன்றிரண்டு வாரத்தில் குறையும்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பார்வை. "ஆபரேஷனுக்கு முன்னாடி கொஞ்சமாவது தெரிஞ்சுது, இப்ப ஒண்ணுமே தெரியலை" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கேஸ் நிறைந்த கண்ணில் முகத்துக்கு முன் கையை ஆட்டினால் அசைவு தெரியும், அவ்வளவுதான். கேஸ் வழியாக ஒளி சரியாகக் குவியாது. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று இதை வைத்து முடிவு செய்ய முடியாது.

மறுநாள் ரிவியூவைத் தவறவிடாதீர்கள். முதல் சில நாட்களில்தான் கண் அழுத்தம் ஏற வாய்ப்பு அதிகம். அழுத்தம் ஏறுவது எப்போதும் வலியாகத் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

வலிக்கு டாக்டர் எழுதிய மாத்திரையே போதும். மாத்திரை போட்டும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி என்றால் 9-ஆம் பகுதிக்குப் போங்கள்.

5. தலையை வைக்கும் முறை

பக்கத்து வீட்டு அத்தை வந்து சொல்வார்: "எனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப குனியவே கூடாதுன்னாங்க. மல்லாந்துதான் படுக்கணும்." அவருக்கு நடந்தது கண்புரை ஆபரேஷன். உங்களுக்கு நடந்தது வேறு. அத்தை அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த அறிவுரை இங்கே கண்ணைக் கெடுக்கும். எங்கள் வீட்டில் தங்கிய ஏழு பேரில் நான்கு பேரிடம் யாராவது ஒருவர் வந்து இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

காரணம் இதுதான். கேஸ் எப்போதும் மேலே மிதக்கும். மிதந்து போய் விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். லேசரோ உறைநிலைச் சிகிச்சையோ (குளிரால் உறைய வைத்து ஒட்டுவது) செய்த இடம் தழும்பாகி இறுக இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஓட்டை இருக்கும் இடம் மேலே வரும்படி தலையை வைக்க வேண்டும். ஓட்டை நடுவில், பின்பக்கம் என்றால் குப்புற. மேல்பக்கம் என்றால் நிமிர்ந்து உட்கார வேண்டும். வலப்பக்கம் என்றால் இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். ஆகவே ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் பொருந்தாது. எந்தப் பக்கம், நாளில் எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். மணிக்கு 50 நிமிடம் அந்த நிலை, 10 நிமிடம் ஓய்வு என்று சொல்வது வழக்கம்.

எல்லோருக்கும் பொதுவான விதி, கேஸ் இருக்கும்வரை மல்லாந்து படுக்காதீர்கள். மல்லாந்தால் கேஸ் முன்னால் வந்து லென்ஸில் உட்காரும். லென்ஸ் சீக்கிரம் புரையாகும், அழுத்தமும் ஏறும். தூக்கத்தில் புரண்டுவிடுவோம் என்று பயமாக இருந்தால் முதுகுப் பக்கம் சுருட்டிய போர்வையை வைத்துக் கட்டிவிடுங்கள். புரளும்போது குத்தும், விழித்துக்கொள்வார்.

குப்புற இருக்கச் சொன்னவர்களுக்கு நாங்கள் செய்யும் ஏற்பாடு: கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டில் இரண்டு தலையணையை நெஞ்சுக்குக் கீழே வைத்து, நெற்றி மட்டும் சுருட்டிய துண்டில் படும்படி முகத்தைக் கட்டிலுக்கு வெளியே நீட்டச் சொல்வோம். மூக்கு அடைபடாது, கண்ணில் எதுவும் படாது. கீழே தரையில் போனைச் சாய்த்து வைத்தால் நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கலாம். பகலில் உணவு மேசைமேல் தலையணை போட்டு, நெற்றியைக் கவிழ்த்து உட்காரலாம். ஒரே நிலை அலுக்கும், இரண்டும் மாறி மாறி வேண்டும். கஞ்சி, மோர், டீ எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரா வாங்கி வையுங்கள். டம்ளரைத் தூக்கிக் குடித்தால் தலை நிமிர்ந்துவிடும்.

முழங்கையை ஊன்றியே நாள் முழுக்க இருந்தால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். முழங்கையில் ஓடும் நரம்பு நசுங்குவதால் வருவது அது. எனக்கு வந்து மூன்று வாரம் இருந்தது. முழங்கைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது போடுங்கள், கையை நீட்டி மாற்றி மாற்றி வையுங்கள். கெண்டைக்கால் சதையை மணிக்கொருமுறை அசைக்காவிட்டால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. அந்தப் பத்து நிமிட ஓய்வில் தலையைக் குனிந்தபடியே அறைக்குள் நடக்கச் சொல்லுங்கள். கூட ஒருவர் கை பிடிக்க வேண்டும்.

6. சொட்டு மருந்து

பொதுவாக மூன்று வகை இருக்கும். கிருமிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஒன்று, கண்மணியை விரிக்க ஒன்று. கையைச் சோப்பால் கழுவுங்கள். பால் போல் கலங்கலாக இருக்கும் ஸ்டீராய்டு மருந்தை நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையில் படக் கூடாது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி, உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். களிம்பு இருந்தால் அது கடைசி. குப்புற இருப்பவர், இதற்காக மல்லாந்து படுக்காமல், உட்கார்ந்து ஒரு நிமிடம் மட்டும் அண்ணாந்து விட்டுக்கொண்டு திரும்பலாம்.

ஸ்டீராய்டை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வருவார்கள். சிவப்பு போய்விட்டது என்று நீங்களாக நிறுத்தினால் உள்வீக்கம் திரும்பும். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகத் தொடர்ந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். இரண்டும் நடக்கப் பார்த்திருக்கிறேன். கண்மணி விரியும் மருந்தால் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். கறுப்புக் கண்ணாடி போதும்.

தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு என்று எதையும் விடாதீர்கள். கண்ணில் திறந்த தையல் துளைகள் இருக்கும் நேரம் அது. உள்ளே கிருமி போனால் ஒன்றிரண்டு நாளில் கண்ணே போகும்.

தலைக்குக் குளிப்பதை டாக்டர் சொல்லும்வரை தள்ளிப் போடுங்கள், கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். தீபாவளி எண்ணெய்க் குளியல் நடுவில் வந்தாலும் அந்த வருடம் விட்டுவிடுங்கள். எண்ணெயையும் சீயக்காயையும் கண்ணுக்குள் போகாமல் தேய்த்துக் குளித்தவர் யாரும் இல்லை.

பத்தியம் எதுவும் தேவையில்லை. கத்தரிக்காயும் மீனும் விழித்திரையை ஒன்றும் செய்யாது. சர்க்கரை இருப்பவர்கள் அதைக் கட்டுக்குள் வையுங்கள். கீரை, பழம், தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். குப்புறவே கிடந்தால் மலச்சிக்கல் வரும், முக்குவது நல்லதல்ல.

7. குமிழ் கரையும் நாட்களில் என்ன தெரியும்

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பன்னிரண்டாம் நாள் காலையில் பார்வையின் மேல் விளிம்பில் அப்படி ஒரு கோடு தெரிந்தது. தலையை அசைத்தால் கோடும் தளும்பியது. கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஜன்னல் கம்பியும், அதற்குப் பின்னால் சேர்வராயன் மலையின் உச்சி ஓரமும் தெளிவாக இருந்தன. கீழே எல்லாம் கலங்கல்.

கேஸ் உண்மையில் கண்ணின் மேல்பாதியில்தான் இருக்கிறது. விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழ் என்பதால் நமக்கு அது கீழே இருப்பதாகத் தெரிகிறது. நாளாக ஆகக் கோடு இறங்கும். தெளிவான பகுதி மேலிருந்து வளரும். கோடு நடுவுக்கு வரும் சில நாட்கள் தலைசுற்றலாக இருக்கும், அந்த நாட்களில் தனியாகப் படி இறங்க வேண்டாம். கடைசியில் ஒரு வட்டக் குமிழாகிக் கீழே உருளும். அது இரண்டு மூன்றாக உடைந்தால் பயப்படாதீர்கள், அதுவும் வழக்கம்தான்.

தினமும் காலையில் ஒரே இடத்தில் நின்று, நல்ல கண்ணை மூடி, கோடு எங்கே நிற்கிறது என்று நாள்காட்டித் தாளில் ஒரு கோடு போட்டு வையுங்கள். ரிவியூவில் காட்டினால் டாக்டருக்கும் உதவும். உங்களுக்கும் 'கரைகிறது' என்ற தெம்பு வரும்.

குமிழ் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மலை ஏறிவிடாதீர்கள். ஓரத்தில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். டாக்டர் கண்மணியை விரித்துப் பார்த்து, 'கேஸ் இல்லை' என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு கைப்பட்டையைக் கழற்றுங்கள், சீட்டைக் கிழியுங்கள், பஸ் ஏறுங்கள்.

8. ஆயில், பெல்ட்: இவற்றின் தனித் தொல்லைகள்

ஆயில் தானாகக் கரையாது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் இன்னொரு ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். "நல்லாத்தானே இருக்கு" என்று தேதியைத் தள்ளுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நாள்பட்டால் ஆயில் சிறுசிறு துளிகளாக உடைந்து கண் அழுத்தத்தை ஏற்றும், கருவிழியைக் கெடுக்கும். ஆயில் இருக்கும்வரை சொந்த லென்ஸ் உள்ள கண்ணுக்குப் பிளஸ் 5, 6 அளவு பவர் கூடிக் காட்டும். அதற்குக் கண்ணாடி போட்டுக் காசைச் செலவழிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். ஆயிலை எடுத்த பிறகு சில வாரம் கவனமாக இருங்கள், திரை திரும்பப் பிரியலாம்.

பெல்ட் போட்டால் கண்ணை உருட்டும்போது வலிக்கும், வீக்கம் கூடுதலாக இருக்கும். கண்ணின் நீளம் மாறுவதால் மைனஸ் பவர் ஏறும். ஒன்று இரண்டாகத் தெரிவதும் உண்டு. பட்டைக்கு இடம் கொடுக்கத் தசைகளை நகர்த்தியதால் அது. சில வாரத்தில் பெரும்பாலும் சரியாகும். பெல்ட்டைப் பொதுவாக எடுக்க மாட்டார்கள், ஆயுள் முழுக்க இருக்கலாம்.

9. உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

காலை வரை பொறுக்காதீர்கள். இவற்றில் ஒன்று வந்தாலும் ராத்திரியானாலும் போன் செய்யுங்கள்:

மாத்திரைக்கு அடங்காத, கூடிக்கொண்டே போகும் கண் வலி. அதோடு தலைவலி, வாந்தி சேர்ந்தால் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

வந்த பார்வை திரும்பக் குறைவது, சீழ், சிவப்பு கூடுவது. உள்ளே கிருமித் தொற்றாக இருக்கலாம்.

ஓரத்திலிருந்து கறுப்புத் திரை விழுவது, புதிதாகக் கரும்பொட்டுகள் கொட்டுவது, மின்னல் அதிகமாவது. திரை மறுபடி பிரிவதாக இருக்கலாம்.

முதல் ஆபரேஷனிலேயே பத்தில் எட்டு ஒன்பது பேருக்குத் திரை ஒட்டிவிடுகிறது. மற்றவர்களில் பலருக்கு உள்ளே தழும்புச் சவ்வு வளர்ந்து திரையை மறுபடி இழுத்துவிடுகிறது. இது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் நடக்கும். ஆகவே இரண்டாவது மாத ரிவியூவை "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். நம் மக்கள் அதிகம் தவறவிடுவது அதைத்தான்.

10. வேலைக்குத் திரும்புவது

ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்போது தூரக் கணக்கு தவறும். நான் டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். வீட்டில் அது டீயோடு போகும், தோட்டத்தில் அப்படிப் போகாது. மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறுபவர்கள், பார்வை நிலைபெற்று டாக்டர் சரி என்று சொல்லும்வரை கீழே நின்று செய்யும் வேலையை மட்டும் பாருங்கள். இரு சக்கர வண்டியும் அப்படித்தான், கேஸ் இருக்கும்வரை தொடவே வேண்டாம்.

விசைத்தறிக் கூடத்தில் பஞ்சுத் தூசி, கொலுசுப் பட்டறையில் நெருப்பும் தெறிக்கும் துணுக்கும். இரண்டுக்கும் குறைந்தது ஒரு மாதமாவது தள்ளிப்போட வேண்டியிருக்கும், திரும்பும்போது பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். டாக்டரிடம் "வேலைக்குப் போகலாமா" என்று மட்டும் கேட்டால் அவர் மனதில் நாற்காலி வேலை இருக்கும். என்ன வேலை, எவ்வளவு எடை, எந்த உயரம் என்று விவரமாகச் சொல்லுங்கள். குடம், மூட்டை தூக்குவதும் அந்தக் கணக்கில் சேரும்.

11. பார்வை எவ்வளவு வரும், பிறகு என்ன வரும்

நடுப் பார்வைப் பகுதி பிரிவதற்கு முன்பே ஆபரேஷன் ஆகியிருந்தால் பார்வை பெரும்பாலும் நன்றாகத் திரும்பும். அந்தப் பகுதியும் பிரிந்திருந்தால் முழுமையாகத் திரும்புவது கடினம். வருவதும் மெதுவாக, மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட வந்துகொண்டே இருக்கும். கதவுச் சட்டம் வளைந்து தெரியலாம். இரண்டு கண்ணுக்கும் எழுத்தின் அளவு மாறித் தெரியலாம். நிறம் வெளுத்துத் தெரியலாம். கண்ணாடி டெஸ்ட்டை இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்யுங்கள். அதற்கு முன் பவர் நிலைக்காது.

கேஸோ ஆயிலோ வைத்து உள்ளே ஆபரேஷன் செய்தவர்களில், 50 வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் அந்தக் கண்ணில் புரை வளரும். பார்வை வந்து, பிறகு பனி படர்ந்தது போல மங்கினால் பெரும்பாலும் அதுதான். ஆனாலும் நீங்களாகப் புரை என்று முடிவு செய்யாமல் ரெட்டினா டாக்டரிடமே முதலில் காட்டுங்கள்.

அடுத்த கண்ணை மறக்காதீர்கள். ஒரு கண்ணில் வந்தவர்களுக்கு மற்ற கண்ணிலும் வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்கள், மறைவோ வளைவோ புதிதாகத் தெரிகிறதா என்று. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். பெரியப்பாவுக்கு முதலில் திரை விழுந்து நான்கு நாள் தெரியாமல் போனது அப்படித்தான்.

மைனஸ் பவர் அதிகம் உள்ள அண்ணன் தம்பி, பிள்ளைகளையும் ஒருமுறை காட்டுங்கள். பெரியப்பா மகனுக்கு மைனஸ் 7. போன கோடையில் காட்டியபோது வலது கண் ஓரத்தில் சின்ன ஓட்டை இருந்தது, திரை பிரியவில்லை. லேசர் மட்டும் போட்டார்கள், கேஸ் எதுவும் வைக்கவில்லை. டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, துணைக்கு ஆள் வைத்து, அன்று சாயங்காலமே ஏற்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.